பச்சைக்குள் ஒரு பழுப்பு

ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் செய்த தப்பிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

பச்சைப்பாசியை லிட்டர் கணக்கில் வளர்த்து, செல்களை உடைத்து, ஃபெரிடாக்சின் என்ற சின்னப் புரதத்தைப் பிரித்தெடுப்பது அப்போது என் வேலை. உடைத்த சாற்றை மிக வேகமாகச் சுழற்றினால் பச்சை எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் மங்கலான நீரை மட்டும் எடுத்து, பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். மற்ற புரதங்கள் பெரும்பாலும் இறங்கிப் போய்விடும். குழாயின் உச்சியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்புச் சிவப்பில் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபெரிடாக்சினுக்கு எதிர்மின்னேற்றம் அதிகம், பிசினுக்கு நேர்மின்னேற்றம். உப்பைக் கூட்டிக் கூட்டி ஊற்றினால்தான் அது பிடியை விடும். அவ்வளவு பச்சைக்குள் இப்படி ஒரு துரு நிறம் ஒளிந்திருந்ததை முதல்முறை பார்த்தபோது, வேறு யாருடைய குழாயையோ பார்க்கிறோமோ என்று சந்தேகப்பட்டேன்.

அன்று பட்டையை அழகாக இறக்கி, ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, மூடி, மேசைமேல் வைத்தேன். உறைய வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். திங்கள் காலை வந்து பார்த்தால் குப்பியில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. புரத அளவைச் சோதித்தேன், புரதம் இருந்தது. 420 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதலைப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பக்கத்து மேசை அக்கா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சட்டை இருக்கு, ஆள் இல்ல."

போன ஆள் ஒரு இரும்பு-கந்தகக் கொத்து. இரண்டு இரும்பு அணுக்கள், இரண்டு கந்தக அணுக்கள், சேர்ந்தால் ஒரு சாய்சதுரம். புரதத்தின் நான்கு சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்), ஒரு இரும்புக்கு இரண்டு வீதம், அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. நிறமும் அதனால்தான், வேலையும் அதனால்தான். எலக்ட்ரானை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்பது இந்தக் கொத்து மட்டுமே, மிச்சப் புரதம் அதற்கு வீடு. நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் மாறி மாறி மூலைகளில் உட்கார்ந்த கனசதுர வடிவமும் உண்டு. செல்லில் அதிகம் புழங்குபவை இந்த இரண்டும்தான்.

என் வழிகாட்டி மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "சரி, திரும்பப் போட்டுப் பாரு" என்றார். ஆக்சிஜன் இல்லாத, பதித்த கையுறைகள் வழியே கைவிட்டு வேலை செய்யும் கையுறைப் பெட்டிக்குள், நிறமிழந்த புரதத்தோடு கொஞ்சம் ஃபெரஸ் உப்பு, கொஞ்சம் சோடியம் சல்ஃபைடு, சிஸ்டீன்களைத் திறந்த நிலையில் வைத்திருக்க ஒரு ஒடுக்கி. கலந்து காத்திருந்தேன். மெதுவாகப் பழுப்பு ஏறியது. கூடவே குப்பியின் அடியில் மை போல ஒரு கருப்புக் கசடு. புரதத்துக்குப் போகாத இரும்பும் கந்தகமும் தங்களுக்குள் சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகப் படிந்துவிட்டன. கசடை வடிகட்டி எறிந்ததும் மிச்சம் இருந்தது வேலை செய்கிற ஃபெரிடாக்சின்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பாக்டீரியாவின் ஃபெரிடாக்சினில் மால்கினும் ரபினோவிட்ஸும் 1966-இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வருடம், கொத்துகள் செல்லுக்குள்ளும் இப்படித் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன என்று நினைக்க நல்ல காரணம் இருந்தது. சோதனைக் குழாயில் ஒரு பிற்பகலில் நடக்கிற காரியத்துக்குத் தனி இயந்திரம் எதற்கு?

இந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்தது. ஏனென்றால், நான் வளர்த்த அதே பாசியில், இந்த வேலைக்கென்றே 32 மரபணுக்கள் இருப்பதாக அதற்கு முன்பே கணக்கெடுத்திருந்தார்கள். ஒரு பிற்பகல் வேதியியலுக்கு 32 மரபணு!

அந்தப் பாசியின் பெயர் கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்டி. ஒற்றைச் செல், சுமார் 10 மைக்ரோமீட்டர். முன்பக்கம் இரண்டு கசையிழைகள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு கண்புள்ளி, செல்லின் ஏறக்குறைய பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிண்ணம் போல ஒரே ஒரு பசுங்கணிகம். ஆய்வகங்களில் இன்று புழங்கும் வகைகள் பெரும்பாலும் 1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு வயல் மண்ணிலிருந்து எடுத்த செல்லின் வாரிசுகள். ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதிதான், ஒற்றைமயம். ஒரு மரபணு கெட்டால் மறைத்துக்கொள்ள இன்னொரு பிரதி கிடையாது, பாதிப்பு உடனே வெளியே தெரிந்துவிடும். மரபியல் செய்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

2007-இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானது. அடுத்த வருடமே ஜேம்ஸ் காட்மன், யானேகே பால்க் இருவரும் அதைச் சலித்து, இரும்பு-கந்தகக் கொத்து கட்டும் மரபணுக்களை எடுத்து வரிசைப்படுத்தினார்கள். 32 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். பெரும்பாலானவற்றுக்கு அதே வேலை செய்யும் இன்னொரு மரபணு கிடையாது. அவற்றை எங்கே வேலை பார்க்கின்றன என்று பிரித்தால், ஒரே செல்லுக்குள் மூன்று பட்டறைகள் தெரிகின்றன: பசுங்கணிகத்தில் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்று, சைட்டோபிளாசத்தில் ஒன்று. மூன்றும் ஒரே சரக்கைத்தான் செய்கின்றன.

முதலில் என் குப்பியின் அடியில் இருந்த கருப்புக் கசடுக்கு வருகிறேன். விடை அதில்தான் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் ஒன்றையொன்று தேடிப் போகிற வகை. புரதத்தைக் கேட்டுக்கொண்டு சேர்வதில்லை, கண்ட இடத்தில் சேரும். குப்பியில் கசடு விழுந்தால் வடிகட்டலாம், செல்லுக்குள் யார் வடிகட்டுவது? அதோடு தனியே திரியும் ஃபெரஸ் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். டி.என்.ஏ., கொழுப்பு, புரதம் என்று எதிர்ப்பட்டதை எல்லாம் கடிக்கும் சாமான் அது. தனியே திரியும் சல்ஃபைடோ, மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசத்தின் கடைசிப் படியில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியை அடைத்துவிடும். நான் குப்பியில் ஊற்றிய அளவு இரும்பையும் சல்ஃபைடையும் ஒரு செல் தனக்குள் அவிழ்த்துவிட்டால் அது பிழைக்காது.

ஆக, இந்த வேதியியல் கஷ்டமானது என்பதற்காக இத்தனை மரபணுக்கள் இல்லை. அது ரொம்பச் சுலபமாக நடந்துவிடும், அதுதான் தொல்லை. அந்த 32 பேரின் முக்கால்வாசி வேலை கட்டுப்படுத்துவது: இரும்பும் கந்தகமும் கைமாறும்போது ஒரு நொடிகூடத் தனியே விடாமல், ஒருவர் பிடியிலிருந்து அடுத்தவர் பிடிக்கு மாற்றிக்கொண்டே போவது. இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மரபணுப் பட்டியல் எனக்குப் புரிந்தது. அதுவரை சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பசுங்கணிகப் பட்டறையின் பெயர் சஃப். கந்தகம் அங்கே சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. என்.எஃப்.எஸ்.2 என்ற நொதி, வைட்டமின் பி6-இன் ஒரு வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சிஸ்டீனிலிருந்து கந்தகத்தை மட்டும் கழற்றுகிறது. மிச்சம் அலனைன் ஆகி வெளியே போகிறது. கழற்றிய கந்தகத்தை அந்த நொதி கீழே போடுவதில்லை. தன்னிடமே இருக்கும் ஒரு சிஸ்டீனின் கந்தகத்தின் மேல் அதை ஏற்றி வைத்துக்கொள்கிறது. கந்தகத்தின் தலையில் கந்தகம், இதைப் பெர்சல்ஃபைடு என்பார்கள். பக்கத்தில் வந்து ஒட்டும் சஃப்-ஈ1 என்ற புரதம் தன் சிஸ்டீனை நீட்டி அதை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கூட்டாளி இல்லாவிட்டால் என்.எஃப்.எஸ்.2 மந்தமாகத்தான் ஓடும். வந்து ஒட்டியதும் வேகம் பல மடங்கு கூடுகிறது. வாங்க ஆள் இருந்தால்தான் கழற்றுவேன் என்கிற ஏற்பாடு இது. முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன், அவ்வளவு உஷார்.

அடுத்தது சாரம். கட்டடம் கட்டும்போது சுற்றி நிறுத்துவோமே, அதே சாரம்தான். கொத்து முதலில் இந்தச் சாரத்தின் மேல் கட்டப்படுகிறது, பிறகு அது போய்ச் சேர வேண்டிய புரதத்துக்கு இடம் மாறுகிறது. சஃப்-பி ஒன்று, சஃப்-டி ஒன்று, சஃப்-சி இரண்டு, ஆக நான்கு துண்டுகள் சேர்ந்த சாரம். சஃப்-சி என்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை எரிக்கும் துண்டு. அது ஏ.டி.பி.யைப் பிடிக்கும்போது மொத்தச் சாரமும் வளைந்து, உள்ளே மறைந்திருக்கும் கந்தகப் பிடிப்பிடங்கள் வெளியே வருகின்றன. செல் இதற்குக் காசு கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். சோதனைக் குழாயில் ஒரு ஏ.டி.பி.கூடச் செலவாகாமல் நடந்த காரியம் இது. செலவு முழுக்க எச்சரிக்கைக்கு.

சாரத்தில் கட்டி முடித்த கொத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள்: என்.எஃப்.யு. குடும்பம், குளூட்டாரெடாக்சின்கள், எச்.சி.எஃப்.101. கடைசிப் பெயருக்கு ஒரு கதை உண்டு. அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் சில திடீர்மாற்ற நாற்றுகள் புற ஊதா ஒளியில் பார்த்தால் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவப்பில் ஒளிரும். பச்சையம் வாங்கிய வெளிச்சத்துக்குப் போக வழி இல்லை, அதனால் ஒளியாகவே திரும்பிக் கசிகிறது. அந்த ஒளிர்வை வைத்தே அந்த வகைகளுக்கு வரிசை எண் போட்டார்கள். 101-ஆம் எண் நாற்றில் இல்லாமல் போயிருந்தது, ஒளிச்சேர்க்கையில் வெளிச்சத்தை வாங்கும் இரண்டு புரதத் தொகுப்புகளில் 'ஒளித்தொகுப்பு ஒன்று' (Photosystem I) எனப்படுவது. நான்கு-நான்கு கொத்தை அங்கே கொண்டுசேர்க்க வேண்டிய ஆள் வராததால் அந்தத் தொகுப்பே நிற்கவில்லை. அந்த நாற்று சர்க்கரை ஊட்டினால் கொஞ்ச நாள் இருக்கும், மண்ணில் வைத்தால் முளையிலேயே போய்விடும்.

ஒளித்தொகுப்பு ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் மூன்று கனசதுரக் கொத்துகள் வரிசையாக இருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவி, வெளியே காத்திருக்கும் ஃபெரிடாக்சினுக்குப் போகிறது. ஒரு தொகுப்புக்கு, கொத்துகளில் மட்டும், 12 இரும்பு அணுக்கள். வழியில் சைட்டோகுரோம் பி6-எஃப் கூட்டில் இன்னொரு இரண்டு-இரண்டு கொத்து. ஃபெரிடாக்சினிலிருந்து எலக்ட்ரானை வாங்கி நைட்ரைட்டை அமோனியாவாக்கும் நொதியிலும், சல்ஃபைட்டைச் சல்ஃபைடாக்கும் நொதியிலும் கொத்து. கடைசியாகச் சொன்ன நொதி இல்லாமல் சிஸ்டீன் செய்ய முடியாது, சிஸ்டீன் இல்லாமல் கொத்துக்குக் கந்தகம் கிடையாது. கொத்து செய்யக் கொத்து வேண்டும். இந்தச் சுழல் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். எந்தச் செல்லும் இதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. தாய்ச் செல் பிளக்கும்போது, ஏற்கெனவே கொத்து ஏறிய புரதங்களும் இரண்டு மகள் செல்களுக்கும் பிரிந்து போகின்றன. இது மரபணுவில் எழுதப்படாத ஒரு சொத்து, கையோடு கை மாறுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் பட்டறை ஐ.எஸ்.சி. திட்டம் அதேதான்: கந்தகத்தைக் கழற்ற என்.எஃப்.எஸ்.1, சாரமாக ஐ.எஸ்.சி.யூ. என்ற சின்னப் புரதம், எலக்ட்ரான் கொடுக்க மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே ஒரு ஃபெரிடாக்சின் (இதோ மறுபடியும் அந்தச் சுழல்), கந்தகம் கைமாறுவதை முடுக்கிவிட ஃபிராடாக்சின். சாரத்திலிருந்து கொத்தைக் கழற்ற மட்டும் இரண்டு துணைப் புரதங்கள் ஏ.டி.பி. செலவில் உதவிக்கு வரும். செய்யும் வேலை ஒன்றாக இருந்தாலும், சஃப்-இன் சாரத்துக்கும் இதன் சாரத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஒன்றின் வரிசையை எவ்வளவு நீட்டி நெளித்தாலும் மற்றதன்மேல் பொருந்தாது.

காரணம் வம்சம். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா, பசுங்கணிகம் ஒரு சயனோபாக்டீரியா. இரண்டும் இந்தச் செல்லுக்குள் குடிவந்தபோது தத்தம் பட்டறையைத் தூக்கிக்கொண்டே வந்தன. மரபணுக்கள் பிறகு மெல்ல மெல்ல உட்கருவுக்கு இடம் மாறின. சிவப்புப்பாசிகளில் சஃப்-பி, சஃப்-சி மரபணுக்கள் இன்றும் பசுங்கணிகத்தின் சொந்த டி.என்.ஏ.விலேயே கிடக்கின்றன. கிளாமிடோமோனாஸில் அவை உட்கருவுக்குப் போய்விட்டன. புரதம் வெளியே தயாராகி, முகவரிச் சீட்டோடு பசுங்கணிகத்துக்குள் திரும்பி வருகிறது.

இத்தனை கோடி வருடத்தில் இரண்டையும் ஒன்றாக்கிச் சிக்கனம் பிடித்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். மேடம் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: "பசுங்கணிகம் ஆக்சிஜன் விடுற இடம்மா. அங்க ஐ.எஸ்.சி.யக் கொண்டுபோய் வச்சா ஒரு பகல் தாங்காது." கொஞ்சம் மிகைதான். ஆனால் அடிப்படை சரி. ஈ.கோலை பாக்டீரியாவில் இரண்டு பட்டறைகளும் உண்டு. சாதாரண நாளில் ஐ.எஸ்.சி. ஓடும். ஆக்சிஜன் தொல்லை வந்தாலோ இரும்பு கிடைக்காமல் போனாலோ சஃப்-ஐ எடுத்து ஓட்டும். சஃப் கரடுமுரடான வேளைக்கான பட்டறை. பசுங்கணிகத்தில் பகல் முழுக்க அந்த வேளைதான்.

மூன்றாவது பட்டறை சைட்டோபிளாசத்தில். அதன் சுருக்கப் பெயர் சி.ஐ.ஏ., இதை வைத்து இந்தத் துறையில் அடிக்கப்படாத ஜோக் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். இது கொஞ்சம் பரிதாபமான பட்டறை, கந்தகத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவைத்தான் எதிர்பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இருக்கும் ஏ.டி.எம்.3 என்ற கடத்தி, கந்தகம் கோத்த ஏதோ ஒரு பொருளை வெளியே தள்ளுகிறது. அதை வைத்து இங்கே கொத்து கட்டுகிறார்கள். ஈஸ்ட்டில் இந்தத் தொடர்பை 1999-இல் ரோலண்ட் லில் குழு காட்டியது. அப்புறம் அராபிடாப்சிஸிலும் அப்படியே இருப்பது தெரிந்தது. பக்கத்திலேயே பெரிய பசுங்கணிகம் தன் பட்டறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சைட்டோபிளாசம் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில்தான் நிற்கிறது. பசுங்கணிகம் வருவதற்கு முன்பே போட்ட ஏற்பாடு, அதை யாரும் மாற்றவில்லை.

சைட்டோபிளாசத்தில் கட்டும் கொத்துகள் எங்கே போகின்றன என்று பார்த்தால்தான் அதன் அவசரம் புரியும். டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸ்கள், அறுந்ததைச் சரிசெய்யும் நொதிகள், வேலை முடிந்த ரைபோசோமைப் பிரித்து விடுகிற புரதம் எல்லாவற்றிலும் கொத்து உண்டு. ஈஸ்ட் செல்லில் சுவாசத்தையே நிறுத்திவிட்டாலும் அது நொதித்தலை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியாவின் கொத்துப் பட்டறையை நிறுத்தினால் செத்துவிடும். மைட்டோகாண்ட்ரியா என்றால் ஆற்றல் ஆலை என்று பள்ளியில் படித்தது பாதிக் கதைதான். மனிதர்களில் ஃபிராடாக்சின் குறைந்தால் வருவது ஃபிரீட்ரைக் அட்டாக்சியா என்ற நரம்பு நோய். காரணமான மரபணு 1996-இல் கிடைத்தது. பாசியின் மரபணுப் பட்டியலில் அதே புரதத்தின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

இப்போது இந்தப் பாசிக்கு உலகப் புகழ் கொடுத்த கொத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜனேஸ். பச்சைப்பாசிகள் ஹைட்ரஜன் வாயு விடும் என்பதை ஹான்ஸ் காஃப்ரான் 1940 வாக்கில் கண்டார். அதைச் செய்யும் நொதியின் மையத்தில் இருப்பது சாதாரணக் கொத்து கிடையாது. ஒரு பாதி வழக்கமான நான்கு-நான்கு கனசதுரம். அதோடு ஒட்டிய மறுபாதியில் இரண்டு இரும்பு, அவற்றைச் சுற்றிக் கார்பன் மோனாக்சைடும் சயனைடும். ஆமாம், ஆளைக் கொல்லும் அதே இரண்டு விஷங்கள்தான். செல் அவற்றைத் தானே தயாரித்து, இரும்போடு கட்டிப்போட்டு, நொதியின் நடுவில் உட்கார வைக்கிறது.

விஷத்தைச் சுதந்திரமாக விடாமல் செய்ய வேண்டுமென்றால் அதற்கும் தனி ஆட்கள் வேண்டுமே. அவர்களை 2004-இல் கண்டுபிடித்தது இதே கிளாமிடோமோனாஸில்தான். ஹைட்ரஜன் விடாத ஒரு திடீர்மாற்ற வகையைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், அதில் ஹைட்ரஜனேஸ் புரதம் இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை. மறுபடியும் சட்டை இருக்கு, ஆள் இல்ல. கெட்டுப்போயிருந்த மரபணுவுக்கு ஹைட்-ஈ.எஃப். என்றும், பக்கத்திலேயே இருந்த இன்னொன்றுக்கு ஹைட்-ஜி என்றும் பெயர் வந்தது. ஹைட்-ஜி டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அந்தக் கார்பன் மோனாக்சைடையும் சயனைடையும் எடுக்கிறது. அந்த உடைக்கும் வேலையைச் செய்வது அதன் சொந்த இரும்பு-கந்தகக் கொத்து.

கட்டும் வரிசை என்ன என்பது 2010-இல் தெரிந்தது. கிளாமிடோமோனாஸின் ஹைட்ரஜனேஸை, ஹைட் உதவியாளர்கள் இல்லாத ஈ.கோலையில் செய்ய வைத்து, படிகமாக்கிப் பார்த்தார்கள். கனசதுரப் பாதி ஏற்கெனவே இருந்தது, விஷப் பாதிக்கான இடம் காலி. அந்தக் காலி இடத்துக்குப் போக மின்னேற்றம் வரிசையாக நின்ற ஒரு வாய்க்கால் திறந்தபடி இருந்தது. ஆக, முதலில் பொதுப் பட்டறை கனசதுரத்தைப் போடுகிறது, பிறகு விசேஷ ஆட்கள் மறுபாதியைக் கொண்டுவந்து நுழைக்கிறார்கள், வாய்க்கால் மூடிக்கொள்கிறது. 2013-இல் இன்னொரு படி மேலே போனார்கள். விஷப் பாதியை வேதியியல் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து, பாதி கட்டிய ஹைட்ரஜனேஸோடு கலந்தால், எந்த உதவியாளரும் இல்லாமல் அது தானாகப் போய் உட்கார்ந்து, நொதி உயிர் பெற்றுவிட்டது. என் கையுறைப் பெட்டி அனுபவத்தின் பெரியண்ணன் இந்தச் சோதனை. கட்டுவது கஷ்டமே இல்லை. செல்லுக்குள் யாரையும் கொல்லாமல் கட்டுவதுதான் கஷ்டம்.

இந்த நொதியை ஆக்சிஜன் ஒரே அடியில் நாசமாக்கிவிடும். அதைச் சமாளிக்க 2000-இல் ஒரு தந்திரம் வெளியானது: பாசிக்குக் கந்தகத்தை நிறுத்திவிடுவது. கந்தகம் இல்லாவிட்டால் ஆக்சிஜன் விடும் ஒளித்தொகுப்பு இரண்டைப் பழுதுபார்க்க முடியாமல் அது தேய்ந்துகொண்டே வரும். சுவாசம் மட்டும் தொடரும். மூடிய குடுவையில் இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்ததும் ஹைட்ரஜன் குமிழிட ஆரம்பித்து, சில நாட்கள் வரும். இரும்பு-கந்தக நொதியை ஓட வைக்கக் கந்தகத்தைப் பட்டினி போட வேண்டியிருக்கிறது. இதை வைத்து உலகத்துக்கே எரிபொருள் என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். ஒரு குடுவையை நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. குமிழி அழகுதான்.

கந்தகத்தை விட இரும்பைக் குறைத்தால் நடப்பது எனக்கு இன்னும் சுவாரசியம். வழக்கமான வளர்ப்பு நீரில் 20 மைக்ரோமோலார் அளவில் இரும்பு இருக்கும். அதை 0.2-க்குக் கொண்டுபோனால் சில நாளில் குடுவை வெளிறி மஞ்சளாகும். வளர்ப்பு நீரில் அசிடேட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து பாசி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அசிடேட் இருந்தால் உணவுக்கு அதுவே போதும். செல் ஒளிச்சேர்க்கையைக் கைவிட்டு, 12 இரும்பு விழுங்கும் ஒளித்தொகுப்பு ஒன்றைக் கலைத்து, சுவாசத்தைக் காப்பாற்றும். அசிடேட் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் நம்பி வாழ்ந்தால், அதே இரும்புப் பஞ்சத்திலும் ஒளிச்சேர்க்கையை விட்டுக்கொடுக்காது. மூன்று பட்டறைகளுக்கும் ஒரே கையிருப்பு. யாருக்கு முதலில் என்பதை, அன்றைக்கு எந்த வழியில் பிழைப்பு நடக்கிறது என்று பார்த்துத்தான் அது முடிவு செய்கிறது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு தட்டில் பாசியைத் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி, முழு இருட்டில் வைத்தேன். ஒன்று சாதாரண வகை, இன்னொன்று ஒய்-1 என்ற பழைய திடீர்மாற்ற வகை. அசிடேட் இருப்பதால் இரண்டும் இருட்டிலும் வளரும். பூக்கும் தாவரங்கள் இருட்டில் பச்சையம் செய்யாது, நாற்று வெளுத்துத்தான் வரும். அவற்றிடம் இருப்பது வெளிச்சம் பட்டால் மட்டும் ஓடுகிற ஒரு நொதி, அதில் கொத்து கிடையாது. கிளாமிடோமோனாஸிடம் அதோடு கூட இன்னொரு நொதியும் உண்டு. மூன்று வகைத் துண்டுகளால் ஆனது, மூன்றின் மரபணுவும் பசுங்கணிகத்தின் சொந்த டி.என்.ஏ.வில். வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரானை வைத்து, நான்கு-நான்கு கொத்துகள் வழியாக அதே வேலையைச் செய்யும். ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும் கொத்துகள்தான், ஆனால் இருட்டில் பசுங்கணிகம் ஆக்சிஜன் விடுவதில்லையே.

பத்து நாள் கழித்துத் தாளைப் பிரித்தேன். ஒரு தட்டு பச்சை. ஒய்-1 தட்டு மஞ்சள், அதில் அந்தக் கொத்து நொதியின் ஒரு துண்டு சேர்வதில்லை. இரண்டையும் விளக்கின் கீழ் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்தபோது பக்கத்து மேசை அக்கா இரண்டு தட்டையும் கையில் வைத்துக்கொண்டு, இதில் எது எது என்று கேட்டார். மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன்.